மூட்டில் வலி தருவதைக் கண்ணில் மருந்தாக விடலாமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 24. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அம்மாவுக்கு 61 வயது. விடியற்காலையில் மல்லிகைப் பூ எடுக்கப் போவார். இரண்டு முழங்காலிலும் மூட்டு வலி. ஊரில் மெடிக்கலில் 'செட் மாத்திரை' வாங்கி ஒரு வருடத்துக்கு மேலாகத் தினமும் போடுகிறார். அதில் டைக்ளோஃபெனாக் இருக்கிறது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிரஷருக்கு எனாலபிரில், கூடவே நீர் பிரிவதற்கு ஒரு மாத்திரை. இப்போது கொஞ்ச நாளாகக் கால் வீங்குகிறது, பிரஷரும் குறையவில்லை. கண்ணில் அழுத்தம் இருக்கிறது என்று அண்ணா நகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் ராத்திரி விட லேடனோபிராஸ்ட் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மாதவிலக்கின் முதல் நாள் எழுந்திருக்கவே முடியாது. மெஃப்டால் ஸ்பாஸ் போட்டுச் சமாளிக்கிறேன். இந்த வலிக்கெல்லாம் காரணம் புரோஸ்டாகிளாண்டின் என்று மொபைலில் படித்தேன். அம்மாவின் கண் மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளிலும் அதே பெயர்! வலி தரும் பொருளைக் கண்ணில் விடலாமா? அதை உடம்பில் இல்லாமலே ஆக்கிவிட முடியாதா? என் பெயர் வேண்டாம்.
ஒரு வாசகி, உசிலம்பட்டி வட்டாரம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் அந்தத் தாளைப் பிரித்துப் படிப்பவர்கள் அபூர்வம். நீங்கள் படித்ததோடு நிற்காமல், இரண்டு இடத்தில் ஒரே பெயர் வருவதையும் கவனித்திருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், கண்ணில் விடலாம், விடத்தான் வேண்டும். உடம்பில் இல்லாமலே ஆக்க முடியாது, ஆக்கவும் கூடாது. அம்மா விஷயத்தில் அந்த 'இல்லாமல் ஆக்கும்' வேலைதான் ஒரு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது என்பது என் சந்தேகம். கால் வீக்கம் என்று படித்ததுமே எனக்குத் தோன்றியது அதுதான். ஆகவே மீதியை அப்புறம் படித்தாலும் சரி, இந்த வாரத்துக்குள் அம்மாவை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போய்விடுங்கள். அங்கே என்ன கேட்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

தைராய்டு, இன்சுலின் போன்ற ஹார்மோன்கள் ஒரு சுரப்பியில் உண்டாகி, ரத்தத்தில் ஏறி, உடம்பெங்கும் போய் வேலை செய்பவை. புரோஸ்டாகிளாண்டினுக்கு அப்படித் தனிச் சுரப்பி கிடையாது. சிவப்பணுக்களை விட்டுவிட்டால், உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களும் தேவைப்படும்போது அதைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும். ஒரு வீட்டு வாசலில் நின்று 'தண்ணி வந்திருச்சு' என்று குரல் கொடுத்தால் அந்தத் தெருவே குடத்தோடு வெளியே வரும், அடுத்த தெருவுக்குக் கேட்காது. அந்த மாதிரி, அக்கம்பக்கத்துச் செல்களுக்கு மட்டும் சேதி சொல்லிவிட்டுச் சீக்கிரமே அழிந்துவிடும். தப்பித் தவறி ரத்தத்தில் கலந்தாலும், நுரையீரலைக் கடக்கும்போதே அதில் பெரும்பகுதி செயலிழந்துவிடும்.

மூலப்பொருள் ஒரு கொழுப்பு அமிலம். அராகிடோனிக் அமிலம் என்று பெயர். செல்லைச் சுற்றியுள்ள சவ்விலேயே இருக்கிறது. அடிபட்டாலோ, கிருமி வந்தாலோ, ஹார்மோன் சொன்னாலோ அது சவ்விலிருந்து பிரியும். சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி அதைப் பிடித்து மாற்றும். டாக்டர்கள் அந்த நொதியைச் சுருக்கமாக 'காக்ஸ்' என்போம். அதற்குப் பிறகு எந்தச் செல் என்பதைப் பொறுத்து இ2, எஃப்2 ஆல்ஃபா, டி2, புரோஸ்டாசைக்ளின் என்று வெவ்வேறு வகைகள் உண்டாகும். இதே குடும்பத்தில் திராம்பாக்சேன் என்று இன்னொன்றும் உண்டு. ரத்தத் தட்டணுக்களை ஒட்டவைப்பது அது. ஒரே வகை கூட இடத்துக்கு இடம் வேறு வேலை செய்யும். சேதியைக் கேட்கும் ஏற்பி எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் இது நல்லதா கெட்டதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை.

இதை முதலில் கவனித்தது வலி சம்பந்தப்பட்ட ஆராய்ச்சியில் அல்ல. 1930-ல் நியூயார்க்கில் இரண்டு டாக்டர்கள், விந்து பட்டதும் கர்ப்பப்பைத் தசை இறுகுவதையும் தளர்வதையும் பார்த்தார்கள். 1935-ல் ஸ்வீடனின் உல்ஃப் வான் ஆய்லர் அந்தப் பொருள் ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது என்று நினைத்து இந்தப் பெயரை வைத்தார். ஆண்களுக்கு மட்டும் உள்ளதோ என்று பயப்பட வேண்டாம், எல்லார் உடம்பிலும் உண்டு. 1899-லிருந்து உலகமே விழுங்கிக்கொண்டிருந்த ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்பது 1971 வரை யாருக்கும் தெரியாது. அது புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று அந்த வருடம் காட்டியவர் ஜான் வேன். 1982-ல் அவருக்கும் ஸ்வீடனின் பெரிஸ்ட்ராம், சாமுவேல்சன் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

முதலில் உங்கள் வலியை எடுத்துக்கொள்வோம். மாதவிலக்குக்கு முன்பு புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் இறங்கும். இறங்கியதும் கர்ப்பப்பையின் உள்சவ்வு எஃப்2 ஆல்ஃபாவையும் இ2-வையும் நிறையத் தயாரிக்கும். தசை இறுகும், ரத்தக் குழாய்கள் சுருங்கும். தசைக்கு ரத்தம் போதாமல் போகும், அதுதான் அந்த உயிர் போகிற வலி. உதிர்கிற சவ்வை வெளியே தள்ள இந்த இறுக்கம் வேண்டும்தான், ஆனால் சிலருக்கு அளவு மிஞ்சிவிடுகிறது. வலி கடுமையாக உள்ள பெண்களின் மாதவிலக்கு ரத்தத்தில் புரோஸ்டாகிளாண்டினும் அதிகமாகவே இருப்பதைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குடல் தசையையும் அது சும்மா விடுவதில்லை. முதல் நாள் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வருவது அதனால்தான். 'கண்டதையும் தின்னா இப்படித்தான்' என்று வீட்டில் திட்டு விழும். பாவம், சாப்பாட்டின் மேல் பழி போட வேண்டியதில்லை.

மெஃப்டால் ஸ்பாஸில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. ஒன்று மெஃபனாமிக் அமிலம், காக்ஸைத் தடுப்பது. இன்னொன்று டைசைக்ளோமைன், தசைப் பிடிப்பைத் தளர்த்த. இதில் பலரும் தவறவிடுவது நேரத்தை. மாத்திரை புதிதாக உற்பத்தியாவதைத்தான் நிறுத்தும். ஏற்கெனவே உற்பத்தியாகித் தசையைப் பிடித்திருப்பதை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. காலையில் லேசாகப் பிடிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கடைக்குப் போய், மத்தியானம் தாங்க முடியாமல் போட்டால் அது கேட்க நேரமாகும். வலியோ ரத்தப்போக்கோ தொடங்கியதுமே, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். டாக்டர் சொன்ன அளவில் முதல் இரண்டு மூன்று நாள் போதும். வயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பதும் உண்மையிலேயே பலன் தருவதுதான், பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டாம். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லாத 24 வயதுப் பெண் மாதத்தில் இரண்டு மூன்று நாள் இதைப் போடுவதில் எனக்குக் கவலை இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: மெஃபனாமிக் அமிலத்தால் அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023-ல் அறிவித்தது. காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு வந்தாலோ, கழுத்தில் நெறி கட்டினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். வருடா வருடம் வலி கூடிக்கொண்டே போனாலோ, விலக்கு இல்லாத நாட்களிலும் வலித்தாலோ, ரத்தப்போக்கு அதிகமாக இருந்தாலோ மாத்திரையிலேயே காலம் தள்ளாதீர்கள். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்றது அதற்கு வெளியே வளர்வது), கர்ப்பப்பைக் கட்டி போன்றவை இருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவர் பார்க்க வேண்டும்.

உங்களை வாட்டும் இதே பொருள்தான் பிரசவ வார்டில் மருந்து. 'வலி வரலைன்னு ஜெல் வச்சாங்க' என்று பிள்ளை பெற்றவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அந்த ஜெல் புரோஸ்டாகிளாண்டின் இ2. பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காமல் போனால் கர்ப்பப்பையை இறுக்கி நிறுத்தப் போடும் கார்போபிராஸ்ட் ஊசி, எஃப்2 ஆல்ஃபாவின் மாற்று வடிவம். எத்தனையோ தாய்மார்களின் உயிர் அதில் நின்றிருக்கிறது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு நுரையீரலில் வேலை இல்லாததால், ரத்தம் அதை விட்டு விலகிப் போக இதயத்தின் பக்கத்தில் ஒரு குறுக்கு ரத்தக் குழாய் உண்டு. பிறக்கும்வரை அதைத் திறந்து வைத்திருப்பதும் புரோஸ்டாகிளாண்டின்தான். சில இதயக் கோளாறுகளோடு நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைக்கு அந்தக் குழாய் மூடிவிட்டால் ஆபத்து. ஆபரேஷன் வரை திறந்து வைக்க இ1 வகையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். உங்களுக்கு நாளைக்குக் கல்யாணமாகிக் கர்ப்பமானால் இதை நினைவில் வையுங்கள்: 20 வாரத்துக்குப் பிறகு இந்த ரக வலி மாத்திரைகளைப் பொதுவாகத் தவிர்ப்போம். குழந்தையின் சிறுநீர் குறைந்து பனிக்குட நீர் வற்றலாம், கடைசி மாதங்களில் அந்தக் குழாயும் முன்கூட்டியே மூடலாம்.

இனி கண். கண்ணுக்குள் ஒரு திரவம் ஊறிக்கொண்டே இருக்கும், வடிந்துகொண்டும் இருக்கும். வடிவது குறைந்தால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். கிளாக்கோமா என்பது பெரும்பாலும் அதுதான். லேடனோபிராஸ்ட் என்பது எஃப்2 ஆல்ஃபாவைப் போலச் செய்த மருந்து. கண்ணின் தசைநார்களுக்கு இடையே இருக்கும் இன்னொரு வடிகால் வழியை அது அகலமாக்கிவிடும், திரவம் அதன் வழியே இறங்கும். ராத்திரி ஒரு சொட்டு விட்டால் மறுநாள் முழுக்க வேலை செய்யும். சொட்டில் இருப்பது ஒரு கிராமில் 10 லட்சத்தில் ஒன்றிரண்டு பங்குதான். மூட்டு வலியை அது கூட்டாது. கண் கொஞ்சம் சிவக்கலாம், இமை முடி நீளமாகவும் கறுப்பாகவும் வளரும், கண்ணைச் சுற்றித் தோல் கறுக்கலாம். (இமை முடி வளர்வதைப் பார்த்து, அதற்கென்றே இந்தக் குடும்ப மருந்து ஒன்றை அழகுப் பொருளாகவும் விற்கிறார்கள்.) விட்டதும் கண்ணை மூடி, மூக்கு ஓரத்து முனையை ஒரு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், மருந்து மூக்குக்குள் இறங்காது. ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லிப் பாட்டிலில் எழுதியிருந்தால், நம் ஊர் சித்திரை வெயிலில் அலமாரியில் வைக்காதீர்கள். ஃப்ரீசரிலும் கூடாது. பாட்டிலைத் திறந்து ஒரு மாதம் ஆனால் புதிது வாங்கிவிடுங்கள். அழுத்தம் குறைந்துவிட்டது என்று அம்மா தானாக நிறுத்தக் கூடாது. கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது.

இப்போது அந்தச் செட் மாத்திரை.

மூட்டில் தேய்மானம் வந்து உள்ளே அழற்சி ஏற்படும்போது அங்கே இ2 கூடும். அது தானாகப் பெரிய வலியைத் தருவதில்லை. வலி நரம்பின் முனையை உசுப்பிவிடுகிறது. சாதாரணமாக உறைக்காத அசைவுகூட அப்போது வலியாகத் தெரியும். டைக்ளோஃபெனாக் காக்ஸைத் தடுத்து, நரம்பை அடக்குகிறது. தேய்ந்த குருத்தெலும்பு தேய்ந்தபடியேதான் இருக்கும். பிரச்சினை என்னவென்றால், விழுங்கிய மாத்திரைக்கு முழங்காலின் முகவரி தெரியாது. ரத்தம் போகும் இடமெல்லாம் போய், எல்லாத் தெருவிலும் குரலை அடக்கிவிடும்.

வயிற்றில் அமிலத்திலிருந்து சுவரைக் காப்பது அங்குள்ள புரோஸ்டாகிளாண்டின். கொழகொழப்பான படலத்தைச் சுரக்கவைப்பதும், அமிலத்தைக் குறைப்பதும், சுவருக்கு ரத்தத்தைக் கூட்டுவதும் அதன் வேலை. அதை நிறுத்தினால் புண் வரும். வயதானவர்களுக்கு வயிறு எரியாமலே, எந்த எச்சரிக்கையும் இல்லாமலே ரத்தம் கசியும். நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு: 'மாத்திரை வயித்தைப் புண்ணாக்கும், ஊசியாப் போட்ருங்க டாக்டர்.' ஊசி வழியாகப் போனாலும் அதே மருந்து ரத்தத்தில் ஏறி வயிற்றுச் சுவரின் அதே காக்ஸைத்தான் நிறுத்துகிறது. புண்ணும் அதே புண்தான்.

சரி, வயிற்றைக் காப்பதும் அழற்சியைத் தூண்டுவதும் தனித்தனி காக்ஸ் என்று 1990-களின் தொடக்கத்தில் தெரியவந்ததும், இரண்டாவதை மட்டும் அடக்கும் மாத்திரைகளை உண்டாக்கினார்கள். வயிற்றுக்கு ஓரளவு நல்லதுதான். ஆனால் ரத்தக் குழாய்ச் சுவரில் உறைதலைத் தடுக்கும் புரோஸ்டாசைக்ளினும் சேர்ந்து குறைந்தது, தட்டணுக்களின் திராம்பாக்சேன் மட்டும் அப்படியே நின்றது. ரோஃபெகாக்சிப் என்ற மாத்திரையால் மாரடைப்பு கூடுகிறது என்று தெரிந்து 2004-ல் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். இப்போது மெடிக்கலில் கிடைக்கும் எட்டோரிகாக்சிப் அதே வகை. 'இது வயித்தைக் கெடுக்காது' என்று யாராவது அம்மாவுக்கு அதை மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். பிரஷர் கட்டுக்குள் இல்லாதவருக்கு அது ஆகாது.

எனக்கு மிகவும் கவலை தருவது சிறுநீரகம். அதற்குள் லட்சக்கணக்கில் நுண்ணிய வடிகட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். உள்ளே அழுத்தம் இருந்தால்தான் கழிவு வடியும். வேர்த்து உடம்பில் நீர் வற்றும்போது, மற்ற உறுப்புகளுக்கு ரத்தம் போய்ச் சேர உடம்பு ரத்தக் குழாய்களை இறுக்கும். அந்த நேரத்தில் வடிகட்டிக்குள் வரும் குழாய் மட்டும் சுருங்கிவிடாமல் விரித்துப் பிடித்திருப்பது புரோஸ்டாகிளாண்டின். தண்ணீர் நன்றாகக் குடிக்கும் இளவயதுக்காரர் இரண்டு நாள் வலி மாத்திரை போட்டால் இந்தக் குறை தெரியாது. உங்கள் அம்மாவுக்கோ டைக்ளோஃபெனாக் வரும் வழியைச் சுருக்குகிறது. எனாலபிரில் போகும் வழியைத் தளர்த்துகிறது. தனியாக இருக்கும்போது அது நல்ல காரியம், இங்கே அழுத்தம் இன்னும் இறங்கிவிடும். நீர் மாத்திரை இருக்கும் நீரையும் குறைக்கிறது. மூன்றும் ஒரே ஆளிடம் சேரக் கூடாது என்று நாங்கள் படிக்கும்போதே சொல்லித்தருவார்கள். ஒன்றை ஓர் ஆஸ்பத்திரியும் இன்னொன்றை ஒரு மெடிக்கலும் கொடுத்தால் யார் கூட்டிப் பார்ப்பது?

அதோடு அம்மாவின் வேலையையும் பாருங்கள். பங்குனியிலிருந்து ஆனி வரை மல்லிகை வரத்து அதிகம். இருட்டோடு இறங்கி, வெயில் ஏறும்வரை மொட்டு எடுக்க வேண்டும், மாட்டுத்தாவணிக்குப் பூ நேரத்தில் போயாக வேண்டும். தோட்டத்தில் ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே பெண்கள் தண்ணீரைக் குறைத்துக் குடிப்பதை அந்தப் பக்கத்து நோயாளிகளிடம் கேட்டுக்கேட்டு எனக்குப் பழகிவிட்டது. சிறுநீரகத்தைப் புரோஸ்டாகிளாண்டின் தாங்கிப் பிடிக்க வேண்டிய நேரமே அதுதான்.

கால் வீக்கமும் குறையாத பிரஷரும் இதே கதையின் இன்னொரு முனையாக இருக்கலாம். இந்த மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தங்கவைக்கும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். விஷயம் தெரியாமல் பிரஷர் மாத்திரையைத்தான் கூட்டிக்கொண்டே போவார்கள். வீக்கத்துக்கு இதயம், ஈரல் என்று வேறு காரணங்களும் உண்டு, அதனால்தான் நேரில் பார்க்கச் சொல்கிறேன். நேரத்தோடு கண்டுபிடித்து மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சிறுநீரகம் தேறிவிடும். டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்குப் பாறுக் கழுகுகள் சாட்சி. மாட்டுக்குப் போட்ட மருந்து செத்த மாட்டின் இறைச்சி வழியாக அவற்றுக்குள் போய், சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாகச் செத்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இன்று மாயாற்றுப் பக்கம் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. மனிதருக்கு அவ்வளவு கொடியதல்ல, ஒரு வாரத்துக்குச் சரியான ஆளுக்குக் கொடுத்தால் நல்ல மருந்துதான். நானும் எழுதிக் கொடுக்கிறேன்.

செட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வழக்கமாக அதில் ஒரு வலி மாத்திரை, ஒரு அல்சர் மாத்திரை இருக்கும். சில இடங்களில் சின்னதாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ப்பார்கள். அட்டையிலிருந்து வெட்டி, பேப்பர் கவரில் போட்டுக் கொடுப்பதால் பெயர் தெரியாது. ஸ்டீராய்டு காக்ஸுக்கு ஒரு படி முன்னாலேயே, அராகிடோனிக் அமிலம் பிரிவதையே அடக்குகிறது. அதனால் 'போட்ட உடனே கேட்குது' என்று அந்தக் கடைக்குப் பெயர் வந்துவிடும். மாதக்கணக்கில் போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும், முகம் உப்பும். அதோடு கண் அழுத்தமும் ஏறும். நீங்கள் எழுதியதிலேயே என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது இதுதான். ராத்திரி ஒரு சொட்டு விட்டு அழுத்தத்தை இறக்கிக்கொண்டு, பகலில் ஒரு மாத்திரையைப் போட்டு அதை ஏற்றிக்கொண்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். கண் டாக்டரிடம் இந்தச் செட் விஷயத்தைச் சொன்னீர்களா? மூட்டு மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அடுத்த முறை கட்டாயம் சொல்லுங்கள்.

டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்தலாம், அதனால் கெடுதல் வராது. ஆனால் ஸ்டீராய்டு இருக்கும் பட்சத்தில் அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வெளியிலிருந்து கிடைத்துப் பழகிய உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும். மயக்கம், வாந்தி, பிரஷர் ஒரேயடியாக இறங்குதல் எல்லாம் வரலாம். ஆகவே மெடிக்கலில் போய், சண்டை போடாமல், செட்டில் உள்ள ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் எழுதி வாங்குங்கள். அட்டையை மொபைலில் படம் எடுத்துக்கொண்டாலும் சரி. ஸ்டீராய்டு இருந்தால் அதை மட்டும் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். பிரஷர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வலிக்கு என்ன செய்வது என்று அம்மா கேட்பார், நியாயம்தான். டைக்ளோஃபெனாக்கையே ஜெல்லாக முழங்காலில் தடவலாம். ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு; ஆனாலும் சிறுநீரகப் பரிசோதனை முடிவு வந்த பிறகு டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள். அதுவரை தேவைப்பட்டால் பாராசிட்டமால். அது மூளைக்கு வெளியே காக்ஸை அதிகம் தொடுவதில்லை, மூட்டு வலிக்குக் கொஞ்சம் மட்டாகத்தான் கேட்கும். ஒரு நாளில் எத்தனை என்பதை டாக்டர் சொன்னபடிதான், கூட்டினால் ஈரலைக் கெடுக்கும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கிச் சில நொடிகள் நிறுத்தி இறக்கும் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்யச் சொல்லுங்கள். சில வாரங்களில் பலன் தெரியும். மாத்திரையைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். வீட்டில் குத்துக்காலிட்டு உட்காருவதைக் குறைக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலும் புரோஸ்டாகிளாண்டின் வேலைதான். மூளையில் உடல் சூட்டைத் தீர்மானிக்கும் இடத்தில், சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்ற அளவை இ2 ஏற்றிவைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், டெங்கு இல்லை என்று தெரியும்வரை டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், மெஃபனாமிக் அமிலம் எதுவும் வேண்டாம். தட்டணு குறையும் நேரத்தில் திராம்பாக்சேனையும் வயிற்றுக் காப்பையும் சேர்த்துப் பறித்தால் ரத்தக் கசிவு மோசமாகும். பாராசிட்டமால் மட்டும்.

அம்மாவை உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்கோ, மதுரையில் பெரியாஸ்பத்திரிக்கோ கூட்டிப் போகலாம். எல்லா மருந்துகளையும், கண் சொட்டு உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின், சர்க்கரை, சிறுநீரில் புரதம். இவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை நாளாக வலி மாத்திரை போடுகிறார் என்பதைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். அம்மா 'எப்பவாச்சும்தான் போடுவேன்' என்பார். நீங்கள் பக்கத்தில் இருந்து திருத்துங்கள். இடையில் தார் மாதிரிக் கறுப்பாக மலம் போனாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.